இருக்கு! இருக்கு!! இருக்கு!!! – ஐந்து யூரோ ஒயினும் நம்ம ஊர் குவார்ட்டரும்

ஓபியில் மாதத்துக்கு நாலைந்து பேராவது கேட்கிற கேள்வி இது. "டாக்டர், பிராந்தி, விஸ்கி எல்லாம் கெடுதல்னு தெரியும். ஒயின் நல்லதுதானே?"

கேட்கிறவர்கள் பலதரம். இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸப்பில் படித்தவர் ஒருவர். "முகம் கலர் வருமாமே சார்" என்று கேட்கிற கல்லூரிப் பையன் ஒருவன். மருமகளுக்கு ஏழாம் மாதம், ரெட் ஒயின் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிற மாமியார் ஒருவர். கடைசி ஆளுக்கு மட்டும் அங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: பிறக்காதும்மா. கர்ப்பத்தில் ஒரு சொட்டு மது கூட வேண்டாம். தாயின் ரத்தத்தில் ஏறுவது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

மற்றவர்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த நீளமான இழை. பொறுமையாகப் படிங்க.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் மதுக்கடைக்குப் பல காலமாக 'ஒயின்ஷாப்' என்றுதான் பேர். ஆனால் அங்கே போய் ஒயின் கேட்பவர் எத்தனை பேர்? பேர் மட்டும் ஒயினுடையது, வியாபாரம் முழுக்க பிராந்தியும் ரம்மும் பீரும். அதனால் நமக்கு ஒயின் என்றால் சினிமாவில் பணக்காரர்கள் நீளக் கால் வைத்த கிளாசில் குடிக்கிற ஏதோ ஒன்று. தெரியாத பொருளுக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது.

போன அக்டோபரில் பத்து நாள் விடுப்பில் ரோம் போயிருந்தேன். அரசு ஊழியர் வெளிநாடு போக அனுமதி வாங்குவது தனிக் கதை, அதற்கு ஒரு இழை தனியாக எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் ஒன்பது வருடமாக அங்கே வேலை பார்க்கிறான். அவன் அனுமதியோடுதான் அவனைப் பற்றி எழுதுகிறேன். பேர் வேண்டாம் என்றான்.

ரோமிலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் மோன்தெஃபியாஸ்கோனே என்று ஒரு சின்ன ஊர். வித்தெர்போ வரை ரயில், அங்கிருந்து பஸ். மலை முகட்டில் ஊர், கீழே பொல்சேனா ஏரி. பழைய எரிமலை வாயில் தண்ணீர் தேங்கி ஆன ஏரி அது. மலை மேலிருந்து பார்த்தால் வட்டமாக, அசையாமல், நீலமாகக் கிடக்கிறது. கரைச் சரிவெல்லாம் ஒலிவ மரமும் திராட்சைத் தோட்டமும். மண் எரிமலைச் சாம்பல் மண்.

இந்த ஊரின் ஒயினுக்கு உலகத்திலேயே விசித்திரமான பேர். எஸ்ட்! எஸ்ட்!! எஸ்ட்!!! நான் ஆச்சரியக்குறி சேர்க்கவில்லை, பேரே அப்படித்தான். முதல் எஸ்ட்டுக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று.

லத்தீனில் 'எஸ்ட்' என்றால் 'இருக்கு'. கதை இப்படிப் போகிறது. 1111-இல் ஜெர்மன் அரசர் ஐந்தாம் ஹென்றி, பேரரசராக முடிசூட ரோமுக்குப் போகிறார். கூடப் போன பரிவாரத்தில் ஒரு பிஷப். ஒயின் பிரியர். தன் வேலைக்காரன் மார்த்தினை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பி, "வழியில் எந்தச் சத்திரத்தில் நல்ல ஒயின் இருக்கோ, அந்தக் கதவில் 'இருக்கு' என்று எழுதி வை" என்று சொல்லியிருந்தாராம். மார்த்தின் இந்த ஊருக்கு வந்து குடித்துப் பார்த்தான். ஒரு 'இருக்கு' போதவில்லை. மூன்று எழுதினான்.

பிஷப் வந்தார், குடித்தார், அங்கேயே தங்கிவிட்டார் என்று ஒரு வகை. ரோம் போய்விட்டுத் திரும்பி வந்து தங்கினார் என்று இன்னொரு வகை. முடிவு மட்டும் எல்லா வகையிலும் ஒன்றுதான். குடித்தே செத்தார்.

அந்த ஊர் சான் ஃபிளவியானோ தேவாலயத்துக்குள் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது. அதிகமான 'எஸ்ட்'டால் என் எஜமான் இங்கே இறந்து கிடக்கிறார் என்ற பொருளில் லத்தீன் வாசகம். வேலைக்காரன் வைத்த கல் என்று சொல்கிறார்கள். வருடாவருடம் நினைவு நாளில் கல்லறை மேல் ஒரு பீப்பாய் ஒயின் ஊற்ற வேண்டும் என்று பிஷப் உயில் எழுதியதாகவும், கொஞ்ச காலம் ஊற்றிவிட்டு, பிறகு குரு மடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று மாற்றியதாகவும் கதை நீள்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் இதில் பாதிக்கு மேல் நம்புவதில்லை. நானும் எட்டு நூறு, ஒன்பது நூறு வருடம் கழித்துப் போஸ்ட்மார்ட்டம் பண்ணப் போவதில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்க. நம் ஊரில் பாட்டிலில் 'மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்று போட்டு அரசாங்கமே விற்கிறது. சிரிக்கிறோம், மீம்ஸ் போடுகிறோம். அங்கே அதைவிட ஒரு படி மேல். ஒருத்தர் இதைக் குடித்துச் செத்தார் என்பதுதான் விளம்பரமே! இறப்புக் காரணத்தையே பிராண்டாக மாற்றிய பொருள் வேறு ஏதாவது எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, குடித்தாயா என்று கேட்பீங்க. குடித்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. விரதமும் கிடையாது. அன்று ஏரிக் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொரெகோனே என்கிற ஏரி மீனைச் சுட்டு, எலுமிச்சை பிழிந்து வைத்தார்கள். அதோடு அரை கிளாஸ், சுமார் 75 மில்லி. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொன்னால் அது நன்றாக இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

எப்படி இருந்தது?

நிறம் வெளிறிய வைக்கோல், கிட்டத்தட்ட தண்ணீரில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் கலந்த மாதிரி. கிளாஸ் குளிரில் வியர்த்திருந்தது. முதலில் மூக்குக்கு வந்தது ஒன்றுமே இல்லை. கிளாசைக் கையில் பிடித்துக் கொஞ்ச நேரம் சூடு ஏறவிட்டால் பச்சை ஆப்பிள், அதற்குப் பின்னால் நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை லேசாக. வாயில் வைத்ததும் புளிப்பு. நாக்கின் இரண்டு பக்கமும் எச்சில் ஊறுகிற புளிப்பு. விழுங்கிய பிறகு பாதாம் தோலை மென்ற மாதிரி ஒரு மெல்லிய கசப்பு. அவ்வளவுதான். பத்து விநாடியில் வாயில் எதுவும் மிச்சமில்லை.

அந்தப் புளிப்பு எனக்கு அந்நியமாகவே இல்லை. ஏன் என்று அப்புறம் யோசித்தால் புரிந்தது. திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். நம் புளியின் அமிலமும் அதுதான். ரசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு இந்த ஒயின் ஏதோ தூரத்துச் சொந்தக்காரன் மாதிரிதான் படும். மீனோடு அது ஏன் பொருந்துகிறது என்பதும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் குழம்பில் புளி எதற்கு விடுகிறோமோ அதற்குத்தான்.

இது ஒற்றைத் திராட்சை ஒயின் அல்ல, கலவை. பெரும்பங்கு த்ரெப்பியானோ, அதிலும் இரண்டு வகை. சிறுபங்கு மல்வாசியா. த்ரெப்பியானோ அபாரமாகக் காய்க்கும், புளிப்பு நிற்கும், ஆனால் வாசனை குறைவு. மல்வாசியா வாசனை தரும். இட்லி மாவில் அரிசியும் உளுந்தும் மாதிரி வைத்துக்கொள்ளுங்க. அளவு அரிசிக்கு, பேர் உளுந்துக்கு. விலை குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். அதிகம் காய்க்கிற திராட்சை, ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் வைக்கிற செலவு இல்லை, ஸ்டீல் தொட்டியில் புளிக்கவைத்து அடுத்த வருடமே பாட்டிலில் அடைத்துவிடலாம். சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து யூரோவுக்குக் கிடைக்கிறது. நம் காசில் ஐந்நூறு ரூபாய் சொச்சம்.

இன்னொரு தகவல். இதே த்ரெப்பியானோதான் பிரான்சில் 'உன்யீ பிளாங்' என்ற பேரில் கொன்யாக் பிராந்திக்கு மூலப்பொருள். திராட்சை ஒன்று, பேர் இரண்டு. நம்மூர் பிராந்திக்கும் திராட்சைக்கும் உள்ள உறவு பெரும்பாலும் லேபிளில் இருக்கிற படத்தோடு சரி. உள்ளே கரும்பு மொலாசஸில் இருந்து வடித்த ஆல்கஹாலே அதிகம்.

ஒயின் எழுத்தாளர்கள் பலர் இந்த எஸ்ட்டைக் கிண்டல் செய்கிறார்கள். கதை பிரமாதம், ஒயின் சுமார் என்பது அவர்கள் தீர்ப்பு. என் நாக்குக்கு அவ்வளவு ஞானம் இல்லை. வெயிலில் நடந்து வந்து குளிர்ச்சியாக வாயில் வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. 'எரிமலை மண்ணின் தாது ருசி' என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நான் கண்டுபிடிக்கவே இல்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று தலையாட்டினேன்.

லேபிளில் சின்ன எழுத்தில் 'சல்ஃபைட் உள்ளது' என்று போட்டிருந்தது. கெடாமல் இருக்கச் சேர்ப்பது. சிவப்பைவிட வெள்ளை ஒயினில் பொதுவாக இது அதிகம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு இதனால் இழுப்பு வரும். 'இயற்கையான திராட்சைச் சாறுதானே' என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ரோமில் சாதாரண சாப்பாட்டுக் கடையில் வீட்டு ஒயின் கேட்டால் பாட்டிலில் வராது, கண்ணாடிக் கூஜாவில் அளந்து வரும். எப்படிக் கேட்கிறார்கள் தெரியுமா? 'உன் குவார்த்தோ'. அதாவது ஒரு குவார்ட்டர்! என் காதில் விழுந்ததும் சிரித்துவிட்டேன். அங்கே குவார்ட்டர் என்றால் கால் லிட்டர், 250 மில்லி ஒயின். நம்மூர் குவார்ட்டர் 180 மில்லி சரக்கு. இரண்டிலும் எவ்வளவு ஆல்கஹால்?

கணக்கு எளிது. மில்லி அளவை லேபிளில் உள்ள சதவீதத்தால் பெருக்கி, நூறால் வகுத்து, 0.8-ஆல் பெருக்குங்க. கிராம் கணக்கில் சுத்த ஆல்கஹால் கிடைக்கும். 12 சதவீத ஒயின் 250 மில்லியில் 24 கிராம். நம்மூர் 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில் கிட்டத்தட்ட 62 கிராம். 5 சதவீத பீர் பெரிய பாட்டில், 650 மில்லியில் 26 கிராம்.

'பார்த்தீங்களா, ஒயின் பரவாயில்லையே' என்று தோன்றும். அதே ஒயின் முழு பாட்டில், 750 மில்லிக்குக் கணக்குப் போடுங்க. 72 கிராம். ஒரு குவார்ட்டர் பிராந்தியைவிடப் பத்து கிராம் அதிகம்.

இந்தக் கணக்கை நான் முதலில் போட்டது என் நண்பன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

ரோமில் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும். கண்ணாடிக்குத் தெருவில் தனித் தொட்டி. நான் போன மூன்றாம் நாள் காலை, "வா மாப்ள, நடந்துட்டு வரலாம்" என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போடுகிறான். சத்தம் கேட்குமில்லையா? எட்டு முறை கேட்டது. "எத்தனை நாள் குப்பைடா?" என்றேன். "ஒரு வாரம்தான்" என்றான், ரொம்ப இயல்பாக.

அவன் குடிகாரன் இல்லை. அதாவது, நாம் குடிகாரன் என்று யாரைச் சொல்வோமோ அந்த ஆள் இல்லை. தள்ளாட மாட்டான். சத்தம் போட மாட்டான். காலை ஆறரைக்கு எழுந்து, பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய்விடுவான். இரவு ஏழரைக்குச் சமைக்கும்போது ஒரு கிளாஸ். சாப்பிடும்போது இரண்டு. அப்புறம் டிவி முன்னால் மிச்சம். ஒரு நாள் முக்கால் பாட்டில், ஒரு நாள் முழுசு. எல்லாம் ஐந்து யூரோ வெள்ளை ஒயின்.

அன்று இரவு கேட்டேன். "டேய், தினமும் இப்படியா?"

"ஒயின்தானேடா. இங்க தண்ணி மாதிரி இது."

அவன் மனைவியும் அதையேதான் சொன்னாள். "ஊர்ல இருக்கும்போது இவர் பீர் பாட்டிலைத் தொட்டாலே சண்டை போடுவேன் அண்ணா. இங்க எல்லார் வீட்டுலயும் மேசைல இருக்கு. அதனால எனக்குத் தப்பாவே தெரியல."

பேப்பரை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டேன். 72. பக்கத்தில் 62. "மாப்ள, நீ திண்டுக்கல்ல இருந்துகிட்டு தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் அடிச்சா உங்க அம்மா உன்னை என்னன்னு சொல்வாங்க?"

அவன் பேசவில்லை. அவன் மனைவி பேப்பரை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது நிஜமா அண்ணா?" என்றாள். போனில் கால்குலேட்டரைத் திறந்து அவளே மறுபடி போட்டுப் பார்த்தாள்.

ஒயின் நல்லது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1991-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸும் அவ்வளவு சாப்பிட்டும் மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, சிவப்பு ஒயின்தான் காரணமோ என்று பேசினார்கள். அதன்பின் அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை எகிறியது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பொருளைச் சொன்னார்கள். ஒயினில் அது இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. வெள்ளை ஒயினைத் தோலை நீக்கிவிட்டுப் புளிக்கவைப்பதால் அதிலும் குறைவு.

அளவாகக் குடிப்பவர்கள் குடிக்காதவர்களைவிட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று சொன்ன பழைய ஆய்வுகளில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 'குடிக்காதவர்' பட்டியலில் யார் யார்? ஏற்கனவே குடித்து, உடம்பு கெட்டு, டாக்டர் சொல்லி நிறுத்தியவர்களும் சேர்ந்துவிட்டார்கள். நோயாளிகளைக் குடிக்காதவர் கணக்கில் எழுதினால் குடிப்பவர் ஆரோக்கியமாகத்தான் தெரிவார். போதாததற்கு, அளவாக ஒயின் குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். நல்ல சாப்பாடு, நல்ல மருத்துவம். பலன் கிளாசில் இருந்ததா, பர்சில் இருந்ததா?

மறுபக்கம், சாராயம், பீர், ஒயின் என்று பிரிக்காமல் எல்லா மதுவையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே முதல் வகைப் புற்றுக்காரணிகளில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே வகை. கவனிங்க, வகை ஒன்று என்றால் ஆபத்தின் அளவும் ஒன்று என்று அர்த்தமில்லை. புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான ஆதாரம் உறுதி என்று அர்த்தம். வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். 2023-இல் உலக சுகாதார நிறுவனம், பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதையும் சொல்ல முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதே வருடம் அயர்லாந்து பாட்டிலில் புற்றுநோய் எச்சரிக்கை கட்டாயம் என்று சட்டம் கொண்டுவந்தபோது கடுமையாக எதிர்த்த நாடுகளில் இத்தாலியும் ஒன்று. ஒயின் அவர்கள் பிழைப்பு, கோபம் புரிகிறது. கல்லீரலுக்கு அந்த நியாயம் தெரியாது.

இத்தாலிக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகக்கூடாது. ஒயின் எவ்வளவு குடித்தால் கல்லீரல் கெடும் என்று உலகத்துக்குச் சொன்ன முக்கியமான ஆய்வு அவர்களுடையதுதான். வட இத்தாலியில் கம்பொகல்லியானோ, கொர்மோன்ஸ் என்று இரண்டு சின்ன ஊர்கள். தொண்ணூறுகளில் அங்கே ஏறக்குறைய ஏழாயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். ஆய்வுக்கு வைத்த பேர் டயோனிசோஸ், கிரேக்க ஒயின் கடவுள்! நாளுக்கு 30 கிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் கல்லீரல் ஆபத்து ஏற ஆரம்பிக்கிறது என்று கண்டார்கள். 30 கிராம் என்றால் 300 மில்லி ஒயினுக்குக் கொஞ்சம் மேல், அதாவது இரண்டு கிளாஸ். சாப்பாட்டோடு அல்லாமல் தனியாகக் குடிப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்பதும் அதில் தெரிந்தது. டிவி முன்னால் அமர்ந்து குடிக்கிற அந்த 'மிச்சம்' ஞாபகம் வருகிறதா?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 30 கிராமைத் தாண்டிய எல்லோருக்கும் கல்லீரல் கெடவில்லை, சிறு பங்கினருக்கே கெட்டது. யார் அந்தச் சிறு பங்கு என்பது முன்கூட்டித் தெரியாது. எங்கள் வார்டில் வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தியோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் 'நமக்கு ஒண்ணும் ஆகாது' என்று இருந்தவர்கள்தான். வாரம் தவறாமல் வருகிறார்கள். முப்பத்தைந்து, நாற்பது வயது.

மலிவு என்றதும் உங்களில் சிலருக்குக் கள்ளக்குறிச்சி ஞாபகம் வந்திருக்கும். இத்தாலிக்கும் அப்படி ஒரு வருடம் உண்டு. 1986-இல் மலிவு ஒயினில் ஆல்கஹால் சதவீதத்தை ஏற்றிக் காட்ட மெத்தனால் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்ததும் அதே மெத்தனால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை எரிக்கும். இத்தாலி அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சோதனைகளை இறுக்கியது. இன்று அங்கே ஐந்து யூரோ பாட்டிலில் மெத்தனால் பயம் இல்லை என்றே சொல்லலாம். அதாவது கலப்படமில்லாத, சுத்தமான, சட்டப்படியான 72 கிராம்.

திரும்ப நண்பனிடம் வருகிறேன். "நாளையிலிருந்து தொடவே மாட்டேன்" என்றான். "அப்படி நிறுத்தாதே" என்றேன். இதை வாசிக்கிற நீங்களும், உங்கள் வீட்டில் தினமும் குடிக்கிறவர் இருந்தால், இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்க.

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் ஆறு மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வரலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை சிலருக்குப் பிதற்றல், இல்லாத உருவம் தெரிவது, ஆளே மாறிப்போவது எல்லாம் நடக்கும். கோயிலுக்கு மாலை போட்டு நிறுத்திய மூன்றாம் நாள் 'சாமி வந்திருக்கு' என்று வீட்டார் நினைத்து, ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து, வலிப்பு வந்த பிறகு எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். உயிரை எடுக்கக்கூடியது இது. மருத்துவர் துணையோடு, மாத்திரையோடு, தயமின் சத்தோடு நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் இதற்கு இலவச சிகிச்சை உண்டு. கூச்சப்படாமல் வாங்க.

அவன் அங்கே தன் குடும்ப மருத்துவரிடம் போனான். ரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு அனுப்பினான். ஜிஜிடி 142. சாதாரணமாக 60-க்குள் இருக்க வேண்டும். சிவப்பணுக்களின் பருமனைச் சொல்லும் எம்சிவி 101, அதுவும் கூடுதல். ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், கிரேடு 2. வயது முப்பத்தாறு. வெளியே ஒரு அறிகுறியும் இல்லை. பசி நன்றாக இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, அலுவலகத்தில் போன வருடம் பதவி உயர்வு.

அந்த டாக்டர் மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த வைத்தார். முதல் பத்து நாள் தூக்கமே வரவில்லை என்று நடு இரவில் மெசேஜ் போடுவான். இங்கே விடிகாலை மூன்று, நாலு. நைட் டூட்டியில் இருந்தால் பதில் போடுவேன். ஏழரை மணிக்குச் சமையலறையில் கை சும்மா இருக்க முடியவில்லை என்றான். சோடாத் தண்ணீரில் எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடி என்றேன். "அதே கிளாஸ்ல ஊத்திக்கலாமா?" என்று கேட்டான். ஊத்திக்கோ என்றேன்.

முழுதாக நிறுத்தி ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்த பரிசோதனையில் ஜிஜிடி 71. எம்சிவி 99. சிவப்பணு நூற்றிருபது நாள் வாழும், பழையவை போய்ப் புதியவை வர வேண்டும், அதனால் அது மெதுவாகத்தான் இறங்கும். கொழுப்புக் கல்லீரல் இந்தக் கட்டத்தில் திரும்பக்கூடியது. சிரோசிஸ் ஆகிவிட்டால் பழையபடி ஆவது கடினம்.

போன வாரம் கூப்பிட்டான். "நம்பர் எல்லாம் இறங்கிடுச்சே, ஞாயித்துக்கிழமை மீனுக்கு மட்டும் ஒரு கிளாஸ் எடுத்துக்கவா?"

"மூணு மாச ஸ்கேன் வரட்டும்டா, அதுவரைக்கும் ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

பின்னால் இருந்து அவன் மனைவி குரல்: "ஸ்கேன் வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க அண்ணா."

இரண்டு பேரும் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். எனக்கு ஓபிக்கு நேரமாகிவிட்டது, போனை வைத்துவிட்டேன்.